மூன்றாவது சாவி

1

நான் பம்பாய்க்கு வந்து இந்த மாதத்தோடு பதினேழு வருஷம். அதைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகைக்கு நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். எழுதலாம் என்றுதான் இருந்தேன். மழை, லோக்கல் ரயில், தாராவிச் சந்துகளில் சைக்கிளில் இட்லி விற்கிறவர்கள் என்று மனசுக்குள் வரிசைகூடப் போட்டு வைத்திருந்தேன். ஆனால் இன்று காலை ஏழேகாலுக்கு என் மகள் என்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டாள். மழையைப் பற்றி எழுதும் நிலையில் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மகள் பெயர் தர்ஷினி. ஒன்பதாம் வகுப்பு. இன்று அவளுக்கு முழுப் பரீட்சை, சயின்ஸ். நான் குளித்துக்கொண்டிருந்தேன். "மம்மி, போறேன்" என்று குரல் கேட்டது. பிறகு வெளிக் கொண்டி விழுகிற சத்தம். அதற்குப் பிறகு வழக்கத்தில் இல்லாத இன்னொரு சத்தம். ஈரத் தலையோடு ஓடி வந்து பார்த்தால், கொண்டியில் பூட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. அவள் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டிவிட்டது.

இந்த ஊரில் வீட்டுக்கு இரண்டு கதவு. உள்ளே மரக்கதவு, வெளியே இரும்புக் கம்பிக் கதவு. கொசுவுக்காக எங்கள் கம்பிக் கதவில் வலை அடித்திருக்கிறோம். சுண்டுவிரல்கூட வெளியே போகாது.

அந்தப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று தர்ஷினியின் பையில். ஒன்று அவள் அப்பாவிடம். அவர் டிராம்பே பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் ஒப்பந்தத்தில் ஃபிட்டர். ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். அங்கே தீப்பொறிக்குப் பயந்து போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வரை வீட்டில் இடி விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. மூன்றாவது சாவி என் கையில் இருக்கிறது. ஆமாம், என் கையில்தான். சாவி உள்ளே, பூட்டு வெளியே.

சிரிப்பு வருகிறதா? இன்னும் கேளுங்கள். எதிர் வீட்டு வாசல் எட்டடி தூரம். கம்பிக் கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி இருக்கிறது. சாவியை அதன் வழியாகத் தள்ளிவிட்டு, "தாயி, கொஞ்சம் திறந்து விடுங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது காரியம். அந்த ஒரு குரலை என்னால் கொடுக்க முடியாது.

2

எதிர் வீட்டில் இருப்பவர் சாவந்த் தாயி. மராத்தியில் தாயி என்றால் அக்கா. அறுபது வயசு, முட்டிவலி, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. எங்கள் செம்பூர் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஐந்து வீடு. மற்ற நாலு வீட்டு மாற்றுச் சாவியும் தாயி வீட்டு நிலைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் தொங்கும். ஒவ்வோர் ஆணிக்குக் கீழேயும் பேர் எழுதிய துண்டுக் காகிதம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை சாவி எடுப்பது அங்கேதான். யாரும் இல்லாத நேரத்தில் கேஸ் சிலிண்டர் வந்தால் தாயி திறந்து வாங்கி வைப்பாள்.

இங்கே ஒரு வீட்டில் உங்கள் சாவி தொங்குகிறது என்றால் நீங்கள் அவர்களுக்குச் சொந்தம் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போகிறவர்கள் கேட்பார்கள். மற்றபடி, கொடுத்த சாவியைத் திருப்பிக் கேட்பது முகத்துக்கு நேரே 'நீ திருடி' என்று சொல்வதுதான்.

நான் கேட்டேன். அதுவும் எப்படி? பதினைந்து பெண்களுக்கு முன்னால்.

தாயியை எனக்குப் பிடித்த விதமே சரியில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராவியிலிருந்து இங்கே குடிவந்த புதிதில், காலையில் அவள் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அவலில் கிண்டும் போஹாதான் போஹா, அவள் கட்டும் சேலைதான் சேலை. பெற்ற அம்மாவைவிட மேல் என்று காய்கறிக்காரனிடம்கூடச் சொன்னேன். என்னைப் பார்க்காமல் அவள் படியிறங்கிப் போன நாளில் எனக்குச் சோறு இறங்காது. எனக்கு நடுவில் என்று ஒன்று கிடையாது. ஒருத்தர் சாமி, இல்லாவிட்டால் சனியன்.

ஜனவரியில் சங்கராந்தி முடிந்ததும் மராத்திப் பெண்கள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுப்பார்கள், எள்ளுருண்டையோடு. தாயி வீட்டுக் கூடம் பத்துக்குப் பத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார முடியாது. அதனால் என்னை ஆறரை மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். ஐந்து மணிக்குக் கம்பிக் கதவு வழியாகப் பார்க்கிறேன், மற்றவர்கள் பட்டுச் சேலையில் உள்ளே போகிறார்கள். நடந்தது அவ்வளவுதான். சத்தியமாக அவ்வளவுதான். அடுத்த கால் மணி நேரத்தில் என் தலைக்குள் தாயி துரோகியாகி, வேஷக்காரியாகி, என்னை மதராஸி என்று ஒதுக்கி வைக்கச் சதி செய்தவளாகவும் ஆகிவிட்டாள். போட்டிருந்த நைட்டியோடு நேரே உள்ளே போனேன்.

"மாஜீ சாவி த்யா" என்றேன். என் சாவியைக் கொடுங்கள். பதினேழு வருஷத்தில் பிழையில்லாமல் நான் பேசிய ஒரே மராத்தி வாக்கியம்.

தாயி எழுந்து பலகைப் பக்கம் போனாள். குங்குமம் ஒட்டிய விரலாலேயே சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். அன்று ராத்திரி முழுக்க அழுதேன். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை அவள் வாசல் வரை போய்த் திரும்பினேன். இரண்டரை மாதம் ஆகிறது. சாவியின் பல்லிடுக்கில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருக்கிறது.

3

இதற்கு ஒரு பெயர் உண்டு. நம் ஊரில் இருந்தவரை அந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அங்கே என் விஷயத்துக்கு முதலில் வாய்க்கொழுப்பு என்று பெயர். பிறகு திமிர். பிறகு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். பதினைந்து வயதில் நான் தட்டை எறிந்தால், அம்மா என்னை அரங்குக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவாள். அரிசி மூட்டையும் அண்டாவும் வைக்கிற இருட்டு அறை. சாத்திவிட்டு வாசலை மறித்து உட்கார்ந்து பீடி சுற்றுவாள். இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கதவு வழியாக உள்ளே வரும். அந்தச் சத்தம் நின்றால்தான் எனக்கு உயிர் போகும். "எம்மா, இருக்கியா?" என்று கத்துவேன். "எங்க போவேன், சவமே, இங்கனதான் கெடக்கேன்" என்பாள்.

கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. பம்பாய்க்கு வந்து, தாராவியில் ஒற்றை அறையில் பிள்ளையைப் பெற்று, பாத்திரங்களை எறிந்து, எறிந்த பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து, பன்னிரண்டு வருஷம் போன பிறகுதான் ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே விடியற்காலையில் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் என்கிற தாளை வாங்க வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "கூட வந்தது யார்?" என்று கேட்டார். மகள் என்றேன். எட்டிப் பார்த்தார். அவர் மேஜை உயரத்துக்குத்தான் இருந்தாள். ஒன்பது வயசு. "வீட்டில் பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார்.

அதுதான் நான் செய்த தப்பு. இங்கே நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பும் அதுதான். ரேஷன் கடை, பேங்க், பள்ளிக்கூடம், எல்லா இடத்துக்கும் பிள்ளைகளை நம் வாயாகக் கூட்டிக்கொண்டு போகிறோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கூட்டிப்போய்விட்டேன். கடைத்தெரு ஹிந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெண்டைக்காய்க்குப் பேரம் பேசுவேன், ஆட்டோக்காரனை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவேன். 'உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது, யாராவது பக்கத்தில் இருந்தால்தான் நான் இருக்கிறேன்' என்பதை எந்த ஹிந்தியில் சொல்ல?

டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகத்தான் கேட்டாள். தர்ஷினி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினாள்.

"மம்மி, செத்துப் போகணும்னு தோணுமான்னு கேக்குறாங்க."

"எப்பவாச்சும்னு சொல்லு."

"கபீ கபீ" என்றாள் டாக்டரிடம், பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற மாதிரி.

"மம்மி, உனக்குப் பிடிச்சவங்க உன்னை விட்டுட்டுப் போயிருவாங்கன்னு பயம் வருமான்னு கேக்குறாங்க."

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். "ஹாங்" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ஹாங்" என்றாள். டாக்டர் ஒரு தடவை எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கே பெயர் சொல்லிவிடவில்லை. நாலைந்து தடவை வரச் சொல்லிப் பேசிவிட்டுத்தான் சொன்னார்கள். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர். வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். "பன்னெண்டு வருசமா எனக்குத் தெரிஞ்சதுதான, பேருதான் தெரியல" என்றார். நல்ல மனுஷன். அந்த நல்ல மனுஷனை நான் படுத்திய பாட்டுக்கு ஒரு தனிப் புத்தகம் போட வேண்டும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அங்கே டாக்டர் மாறிவிடுவார். புதியவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். மாத்திரை உண்டு. வியாழக்கிழமை கவுன்சலர் மேடம் உண்டு. இரண்டு வருஷமாக நான் எதையும் எறியவில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன், நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

4

மணி ஒன்பதரை. மின்விசிறி சுற்றுகிறது, வியர்வை நிற்கவில்லை. ஜன்னலுக்கும் கம்பிக் கூண்டு. அதில் துளசித் தொட்டி, பழைய வாளி, அதற்கப்பால் அடுத்த கட்டடத்தின் கம்பிக் கூண்டு.

மேடம் ஒரு வழி சொல்லியிருக்கிறார். நோட்டில் நடுவே கோடு போட வேண்டும். இடது பக்கம், நடந்தது. வலது பக்கம், நானாக நினைத்துக்கொண்டது. போட்டேன். இடது பக்கத்தில் ஒரே வரி: தர்ஷினி வெளியே பூட்டிவிட்டுப் பரீட்சைக்குப் போயிருக்கிறாள். வலது பக்கம் தாள் போதவில்லை. அவளுக்கு நான் வேண்டாம். அவளுக்கு என்னால் அவமானம். அப்பாவும் மகளும் பேசி வைத்துத்தான் செய்கிறார்கள். பன்னிரண்டாவது முடித்ததும் எங்காவது ஹாஸ்டலுக்கு ஓடிவிடுவாள், திரும்ப வரமாட்டாள். எழுத எழுத ஒவ்வொன்றும் உண்மையாகிக்கொண்டே வந்தது.

அவள் போனுக்கு 'இனிமேல் எனக்கு நீ மகளே இல்லை' என்று அடித்தேன். அழித்தேன். மறுபடியும் அடித்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டேன், அதுவும் மேடம் சொன்னதுதான். கை மரத்துப்போன பிறகு இன்னொரு தடவை அழித்தேன்.

இடது பக்கத்தில் எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு காலை வீட்டுக்காரர் "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் போய்விட்டார். நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். நான் அவர் போனுக்கு முப்பது தடவைக்கு மேல் அடித்தேன். கேட்டில் கிடக்கும் போன் எப்படி எடுக்கும்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். பிறகு என் போனை அணைத்துவிட்டு, செம்பூர் ஸ்டேஷனில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறினேன். வாஷி, நெருள், பன்வேல். அங்கிருந்து திரும்பி மறுகோடி வரை. மறுபடியும் பன்வேல். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் செம்பூரில் இறங்கினேன்.

பெண்கள் பெட்டி நிற்கிற இடத்துக்கு நேரே உள்ள பெஞ்சில் யூனிஃபார்மோடு தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து. வந்த ஒவ்வொரு ரயிலிலும் ஒவ்வொரு பெண்கள் பெட்டியிலும் எட்டிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு யூனிட் டெஸ்ட். இடையில் செம்பூரை நான் இரண்டு தடவை கடந்திருக்கிறேன். வெளியே திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னைக் கண்டதும் அவள் அழவில்லை, திட்டவில்லை. "மம்மி, பசிக்குது" என்றாள்.

மணி பத்தரை. தாயி குப்பைக் கூடையை வைக்க வெளியே வந்தாள். பூட்டைப் பார்த்தாள். வலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள். இரண்டரை மாதத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினாள், ஹிந்தியில்: "வெளியே யார் பூட்டியது?"

"மறந்து பூட்டிட்டுப் போயிட்டா" என்றேன்.

"சாவி எங்கே?"

என் இடது கைக்குள்தான் இருந்தது. குனிந்து கதவுக்கு அடியில் தள்ள வேண்டியதுதான். பெற்ற மகளே என்னைப் பூட்டிவிட்டுப் போனாள் என்று இவளுக்குத் தெரியவேண்டுமா என்று ஒரு வீம்பு வந்தது பாருங்கள். "எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி மரக்கதவைச் சாத்திவிட்டேன். சாத்தின கையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். சின்ன வயதில் என்னை அடைத்தது அம்மா, இன்றைக்கு அடைத்தது மகள், நடுவில் இந்த மரக்கதவை அடைத்தது நானேதான். இங்கே கத்தரிச் சத்தம்கூட இல்லை.

5

மிச்சத்தைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூட்டு திறந்தது. தர்ஷினி உள்ளே வரவில்லை. ஒரு கையில் பூட்டைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"பேப்பர் நல்லா போச்சு. இப்ப திட்டணும்னா திட்டு" என்றாள்.

நாலரை மணி நேரமாக நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. "ஏட்டி, என்னைய என்ன நாயின்னு நெனச்சியா, அடைச்சுப் போட்டுட்டுப் போறதுக்கு?"

"நாய் ஓடுனா சாயந்திரம் திரும்பி வந்துரும், மம்மி."

"நான் வரலையா அன்னைக்கு?"

"நாலு மணிக்கு வந்த. டெஸ்ட் பத்து மணிக்கே முடிஞ்சிருச்சு." குரலை உயர்த்தவே இல்லை அவள். "இன்னைக்கு நீ உள்ள இருக்கன்னு தெரிஞ்சாதான் எனக்கு எழுத வரும். அவ்வளவுதான். அதான் பூட்டினேன். பப்பாவுக்குத் தெரியாது."

"எனக்கு நோய் இருக்குல்லா. ஒனக்குத் தெரியாதா?"

"மாலும் ஹை. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? டாக்டர்கிட்ட எல்லாத்தையும் நான்தானே சொன்னேன்."

பூட்டைக் கொண்டியில் மாட்டினாள், எடுத்தாள், மறுபடி மாட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்த டாக்டர் கேட்டாங்கல்ல, விட்டுட்டுப் போயிருவாங்கன்னு பயம் வருமான்னு. நான் ரெண்டு ஹாங் சொன்னேன். ஒண்ணு உன்னோடது. இன்னொண்ணு என்னோடது. அவங்க ஒண்ணுதான் எழுதிக்கிட்டாங்க."

ஐந்து வருஷம். ஐந்து வருஷமாக அந்தப் பிள்ளை இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. என்னை யார் விட்டுவிட்டுப் போவார்கள் என்றே ஆயுசு முழுக்கப் பயந்தவள் நான். யாரையாவது விட்டுவிட்டுப் போகிறவளாக நானே இருப்பேன் என்று ஒரு நாள், ஒரு நிமிஷம், எனக்குத் தோன்றியதில்லை. ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு 'இனிமேல் போகவே மாட்டேன்' என்று சத்தியம் பண்ணத்தான் வாய் வந்தது. அந்தச் சத்தியத்தை எத்தனை தடவை பண்ணியிருக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

"நாளைக்கு மேத்ஸ்" என்றாள். "நாளைக்கும் பூட்டுவேன், மம்மி. சாரி."

"பூட்டு" என்றேன்.

சாதம் போட்டேன். சாப்பிட்டாள். அவள் கை கழுவி வரும்வரை சாவியை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, வேறு யோசனை வருவதற்கு முன்னால், கதவைத் திறந்து அந்த எட்டடியை நடந்து தாயி வீட்டு மணியை அடித்தேன். தர்ஷினி பின்னாலேயே ஓடி வந்தாள், நான் சண்டைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

தாயி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், உள்ளே கூப்பிடவில்லை. பழக்கதோஷத்தில் தர்ஷினி எனக்காகப் பேச ஆரம்பித்துவிட்டாள்: "தாயி, மம்மி போல்தீ ஹை கி..."

"நீ பேசாத, மக்கா" என்றேன். "நானே சொல்லுதேன்."

பாதி ஹிந்தி, பாதி மராத்தி, நடுவில் வாய்க்கு வந்த தமிழ். எப்படிச் சொன்னேனோ தெரியாது, சொன்னது இதுதான். எனக்குத் தலைக்குள் ஒரு நோய் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிள்ளைக்குப் பரீட்சை முடியும் வரை அவள் என்னைப் பூட்டிவிட்டுப் போவாள், அதற்கு நானே சம்மதித்துவிட்டேன். தீ கீ பிடித்தால் திறக்க ஆள் வேண்டும். இந்தச் சாவி உங்களிடமே இருக்கட்டும். மறுபடியும் நான் கோபத்தோடு வந்து கேட்டால் கொடுக்காதீர்கள்.

தாயி கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள். சாவியை வாங்கிப் பலகைப் பக்கம் போனாள். எங்கள் ஆணி காலியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே எங்கள் பேர் எழுதிய காகிதம் அப்படியே ஒட்டியிருந்தது. சாவியை மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள், நீ கத்தினாலும் கொடுக்கக் கூடாதா என்று.

தர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஹாங்" என்றேன்.